வீட்டு செப்டிக் டாங்கி: தண்ணீர் போகிறது என்பதால் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்

கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிட்டால் போய்விடுகிறது. வீட்டின் பின்புறத்தில் நாற்றமும் இல்லை. ஆகவே டாங்கி நன்றாகத்தான் இருக்கிறது என்பது பழைய தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் குடியிருக்கும் பலருடைய கணக்கு.

அந்தக் கணக்கு தவறு. செப்டிக் டாங்கி கசடால் நிரம்பிய பிறகும் கழிப்பறை பல மாதங்களுக்கு வழக்கம்போல் வேலை செய்யும். ஒரு பக்கம் எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ, அவ்வளவு தண்ணீர் மறுபக்கம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெளியே போவது தெளிந்த நீரா, மலம் கலந்த நீரா என்பதுதான் வித்தியாசம். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது தெரியாது.

பழைய வீடுகள் பலவற்றில் டாங்கியிலிருந்து வெளியேறும் நீர் வீட்டோரக் கால்வாயில் விழுகிறது. அங்கிருந்து பெரிய கால்வாய்க்கும், பிறகு ஆற்றுக்கும் போகிறது. சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்குள் புகுந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, ஷா ஆலாமையும் கிள்ளானையும் கடந்து கடலில் கலக்கிறது. மேலே ஒரு வீட்டில் கவனிக்காமல் விட்ட டாங்கியின் கழிவு, கீழே இருப்பவர்களின் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

1994க்கு முன்பு கழிவுநீர் வேலைகளை அந்தந்த ஊராட்சி மன்றங்களே கவனித்து வந்தன. 1993ஆம் ஆண்டு கழிவுநீர் சேவைச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை இண்டா வாட்டர் கொன்சோர்தியம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் கையில் தொடங்கிய அந்நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் நிதியமைச்சு ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் டாங்கி உள்ள வீடுகளுக்கு லோரி அட்டவணைப்படி தானாக வந்து கசடை எடுத்துச் சென்றது. அதற்கான செலவு மாதக் கட்டணத்தில் சேர்ந்திருந்தது.

நீர் சேவைத் தொழில்துறைச் சட்டம் (சட்டம் 655) 2008 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது இது மாறியது. டாங்கியைப் பராமரிப்பதும், உரிய காலத்தில் கசடை எடுக்க ஏற்பாடு செய்வதும் அந்த இடத்துக்கு உரியவரின் கடமையாயின. கூப்பிட்டால்தான் லோரி வரும் என்ற நிலை ஏற்பட்டது. இந்த மாற்றம் பல வீடுகளுக்குத் தெரியவே இல்லை. லோரி முன்புபோல் வரும் என்று காத்திருந்தவர்களும், வராமல் நின்றதைக் கவனிக்காதவர்களும் உண்டு. அப்பா பெயரில் இருந்த வீடு பிள்ளைகள் கைக்கு மாறியபோது டாங்கியைப் பற்றிய தகவல் கை மாறாமல் போன குடும்பங்களும் உண்டு.

அண்மைய ஆண்டுகளில், அறிவிப்பு அனுப்பி அட்டவணைப்படி கசடெடுக்கும் முறைக்கு இண்டா வாட்டர் திரும்பியிருக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் விளம்பரத் தாள் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். சட்டப்படியான கடமையை நினைவூட்டும் கடிதம் அது. இத்துறையைக் கண்காணிப்பது தேசிய நீர் சேவை ஆணையமான ஸ்பான்.

உங்கள் வீட்டில் டாங்கி இருக்கிறதா?

கோலாலம்பூர் நகர மையத்திலும் புதிய தாமான்களிலும் பெரும்பாலான வீடுகள் பொதுக் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டவை. அக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பந்தாயில் இயங்கும் நிலையம் நிலத்துக்கு அடியில் கட்டப்பட்டது. சுமார் 14 லட்சம் பேரின் கழிவைச் சுத்திகரிக்கும் அளவுக்குத் திட்டமிடப்பட்ட நிலையம் அது. மேலே பொதுமக்களுக்கான பூங்கா இருக்கிறது.

கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பழைய தாமான்கள், கம்பத்து வீடுகள், தோட்ட வீடுகள் பலவற்றில் இன்னமும் தனி டாங்கிகள்தாம். உங்கள் வீடு எந்த வகை என்பதை அறிய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கட்டணச் சீட்டைப் பார்ப்பது. அதில் தெளிவில்லை என்றால் வீட்டு முகவரியைக் கொடுத்து இண்டா வாட்டரிடம் கேட்கலாம். இரண்டாவது, வீட்டு வரைபடத்தைப் பார்ப்பது. மூன்றாவது, வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்பது. கழிப்பறைக்குப் பின்னால் அல்லது கார் நிறுத்துமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு மூன்று சிமெண்டு மூடிகளும், பக்கத்தில் ஒரு காற்றுக் குழாயும் இருந்தால் அது பெரும்பாலும் செப்டிக் டாங்கி.

மூடியே கண்ணில் படாத வீடுகளும் உண்டு. சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டும்போது டாங்கியின் மேலேயே தரையோடு பதித்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துக் கழிப்பறை பின்வாங்கும்போது புதிய தரையோட்டை உடைக்க வேண்டியிருக்கும். வீட்டை நீட்டிக் கட்டுவதாக இருந்தால் குத்தகையாளரிடம் முதலில் டாங்கி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். மூடி திறக்கும்படி விட்டுத்தான் வேலை நடக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

டாங்கிக்குள் என்ன நடக்கிறது?

பொதுவாக ஒரு செப்டிக் டாங்கியில் இரண்டு அறைகள் இருக்கும். முதல் அறையில் விழும் கழிவு மூன்று படலமாகப் பிரிகிறது. கனமானது கீழே கசடாகப் படிகிறது. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடுபோல் மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. அந்த நடுநீர்தான் இரண்டாம் அறைக்குப் போய், மீண்டும் சற்றுப் படிந்து, வெளியேறுகிறது.

காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைச் செரித்துவிடும். எல்லாவற்றையும் செரிக்க அவற்றால் முடியாது. மிச்சம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வரும். நன்றாக வேலை செய்யும் டாங்கியிலிருந்து வெளியேறும் நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கும் என்பதால் அதைக் கையால் தொடவோ, அந்தக் கால்வாயில் பிள்ளைகளை விளையாட விடவோ கூடாது.

கழிவு படிவதற்கு நேரம் வேண்டும். மலேசியாவில் கழிவுநீர் அமைப்புகளைத் திட்டமிடும்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். கழிப்பறை, குளியல், சமையல் எல்லாம் சேர்ந்த அளவு இது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 1,125 லிட்டர். எல்லா நீரும் டாங்கிக்குப் போகும் ஒரு வீட்டில் 2,000 லிட்டர் கொள்ளும் டாங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கசடே இல்லாதபோது தண்ணீர் அதில் ஏறக்குறைய 43 மணி நேரம் தங்கும். பாதி டாங்கியைக் கசடு பிடித்துக்கொண்டால் 21 மணி நேரம்தான் தங்கும். இன்னும் ஏறினால் படிய நேரமே இல்லாமல் மலம் அப்படியே அடுத்த அறைக்கும், அங்கிருந்து கால்வாய்க்கும் அடித்துச் செல்லப்படும்.

எப்போது கசடை எடுக்க வேண்டும்?

சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஆள் அதிகமுள்ள வீட்டில் இந்த இடைவெளி குறையும். கசடும் மேலேடும் சேர்ந்து டாங்கியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் பொது விதி. கசடெடுக்க வரும் பணியாளர்களிடம் கேட்டால் அளந்து சொல்வார்கள்.

கீழ்க்காணும் அறிகுறிகள் தென்பட்டால் காலக்கெடு வரை காத்திருக்கக்கூடாது:

• கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குவது, குழாயில் 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்பது.
• குளியலறைத் தரைத் துவாரத்தில் அழுக்கு நீர் பின்வாங்கி வருவது.
• டாங்கியைச் சுற்றியுள்ள மண் எப்போதும் ஈரமாக இருப்பது, அந்த இடத்தில் மட்டும் புல் செழித்து வளர்வது.
• டாங்கி நீர் விழும் கால்வாயில் கறுப்புக் கசடு தேங்குவது.
• கொசுவும் கரப்பானும் திடீரென்று பெருகுவது.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, கல்யாணம், துக்க வீடு, பதினாறாம் நாள் காரியம் என்று நூறு பேர் வந்துபோகும் வீட்டில் டாங்கிக்கு ஒரே நாளில் பெரும் சுமை ஏறும். தெரிந்த நிகழ்ச்சி என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கசடை எடுத்துவிடுவது நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பரில் மழை மிகும். ஜூன், ஜூலை மாதங்கள் ஒப்பீட்டளவில் வறண்டவை. தீபாவளிக்கு வீட்டை வெள்ளையடிப்பதற்கு முன்பே அந்த இரண்டு மாதங்களில் டாங்கி வேலையை முடித்துக்கொண்டால் லோரிக்கும் அலைய வேண்டியிருக்காது.

லோரி வரும் நாளில்

இண்டா வாட்டரை அழைக்கலாம். அல்லது ஸ்பான் அனுமதி பெற்ற குத்தகையாளரை அழைக்கலாம். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் கைத்தொலைபேசி எண்ணை மட்டும் நம்பி அழைக்க வேண்டாம். அனுமதி இல்லாதவர் குறைந்த விலைக்கு எடுத்துச் சென்று பக்கத்து ஆற்றிலோ செம்பனைக் காட்டிலோ கொட்டிவிட்டால், நீங்கள் கொடுத்த பணம் ஊரை அசுத்தமாக்கத்தான் உதவியிருக்கும்.

அழைக்கும்போது கேட்க வேண்டியவை: அனுமதி எண் என்ன? மொத்தச் செலவு எவ்வளவு? குழாய் நீளம் கூடினால் தனிக் கட்டணம் உண்டா? கழிவு எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்? ரசீது தருவீர்களா? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

லோரி வருவதற்கு முன் மூடிகள் மீதுள்ள பூச்சட்டி, விறகு, பழைய சாமான்களை அகற்றி வையுங்கள். லோரி நிற்க இடம் விடுங்கள். நாயைக் கட்டுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது இரண்டு அறைகளையும் திறந்து எடுக்கிறார்களா என்று தள்ளி நின்று பாருங்கள். முதல் அறையின் மேல்நீரை மட்டும் உறிஞ்சிவிட்டு அடிக்கசடை விட்டுச் சென்றால் சில மாதத்திலேயே பழைய நிலை திரும்பிவிடும். உட்புறச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. அடியில் தங்கும் சிறிதளவு கசடு நுண்ணுயிரிகள் மீண்டும் பெருக உதவும். வேலை முடிந்ததும் டாங்கியில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடங்களில் காலி டாங்கி, குறிப்பாகக் கண்ணாடியிழை டாங்கி, மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்பக்கூடும். கிள்ளான் போன்ற தாழ்ந்த கடலோரப் பகுதிகளில் இதை மறந்துவிடக்கூடாது.

மூடியில் விரிசல் இருந்தாலோ, உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தாலோ அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். மூடி உடைந்து பிள்ளைகளும் முதியவர்களும் விழும் ஆபத்து உண்டு. காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டிவிடுங்கள். வாகனத்தின் பாரத்தைத் தாங்கும்படி கட்டப்படாத மூடிகளின் மீது காரை நிறுத்த வேண்டாம்.

எதைப் போடக்கூடாது?

கழிப்பறையில் போகக்கூடியவை மூன்றுதான்: மலம், சிறுநீர், தண்ணீர். கழிப்பறைக் காகிதமும் போகலாம். ஈரத் துடைப்புத் தாள், பஞ்சு, அணையாடை, பெண்களுக்கான நாப்கின், சிகரெட் துண்டு, பூஜைப் பூ, மீந்த குழம்பு ஆகியவை போகக்கூடாது. பெட்டியில் 'கழிப்பறையில் போடலாம்' என்று அச்சிட்டிருந்தாலும் ஈரத் துடைப்புத் தாள் டாங்கியில் மட்காது.

முறுக்கு, அதிரசம் சுட்ட எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அது குழாயிலும் டாங்கியிலும் உறைந்து கட்டியாகும். ஆறவைத்துப் பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடலாம், அல்லது பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்கலாம்.

பிளீச், அமிலம், சாயம், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து ஆகியவை டாங்கியில் வேலை செய்யும் நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். கழிப்பறை கழுவச் சிறிதளவு மருந்து பாதகமில்லை. போத்தல் கணக்கில் ஊற்றுவதுதான் கேடு. 'இந்தப் பொடியைப் போட்டால் டாங்கியைக் காலி செய்யவே வேண்டாம்' என்று விற்கப்படும் பொடிகளை நம்ப வேண்டாம். படிந்துவிட்ட கசடு வெளியேற உறிஞ்சி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

யாரையும் உள்ளே இறக்காதீர்கள்

மேற்சொன்னவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. டாங்கிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தேங்கியிருக்கும். ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மூக்கின் உணர்வையே அணைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணி இறங்குபவர் சில நொடிகளில் நினைவிழந்து விழுவார்.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமையானது. விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணனோ தம்பியோ பக்கத்து வீட்டுக்காரரோ இறங்குவார். அவரும் விழுவார். ஒரே டாங்கியில் இரண்டு பேர், மூன்று பேர் இறந்த செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

தமிழ்நாடு இதை நன்கு அறிந்த மண். இந்தியாவில் சாக்கடைகளிலும் மலக்குழிகளிலும் இறங்கி உயிரிழந்தோர் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்னிலையில் இருந்து வருகிறது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1993 முதல் அவ்வாறு இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை.

மலேசியாவில் டாங்கி போன்ற அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கென்று தொழிலியல் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் 2010ஆம் ஆண்டு நடைமுறை விதிகள் உள்ளன. பயிற்சி, வாயுச் சோதனை, மேலே நின்று கண்காணிக்க ஓர் ஆள், மீட்புக் கருவி எல்லாம் வேண்டும். வீட்டில் எவரிடமும் இவை இருக்காது. நூறு வெள்ளி கொடுத்தால் இறங்கிச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருவர் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். அவர் உள்ளூர்க்காரரா, வெளிநாட்டுத் தொழிலாளியா என்பது முக்கியமில்லை. அவர் உயிரும் உயிர்தான்.

மூடியைத் திறந்து வைத்துக் குனிந்து பார்ப்பதும், பக்கத்தில் சிகரெட் பற்ற வைப்பதும், சூடம் கொளுத்துவதும் ஆபத்து. யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். 999ஐ அழைத்து, அடைபட்ட டாங்கிக்குள் ஆள் விழுந்திருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் வரும்வரை மற்றவர்களையும் இறங்க விடாதீர்கள்.

வெள்ளம் வந்தால்

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு வெள்ளநீரில் என்னென்ன கலந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை. நீர் வடியும்வரை கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தவிருங்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது டாங்கியைக் காலி செய்யக்கூடாது. அது மிதந்து எழும்பவோ, சுவர் உடையவோ கூடும். நீர் வடிந்து மண் இறுகிய பிறகு கசடெடுப்பவரை அழைத்து, உள்ளே புகுந்த சேற்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை காலணி, கையுறை இல்லாமல் சேற்றில் கை வைக்க வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பரவும் காலம் அது.

வாடகை வீடும் தோட்ட வீடும்

வாடகை வீட்டில் டாங்கியை யார் கவனிப்பது என்பதில்தான் சண்டை வருகிறது. ஒப்பந்தம் எழுதும்போதே கசடெடுக்கும் செலவு யாருடையது, கடைசியாக எடுத்த தேதி எது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பழைய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வீடு வாங்குபவர்களும் இதையே கேட்க வேண்டும்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்களின் நிலை வேறு. தொழிலாளர் குடியிருப்புகளின் சுகாதாரத்தையும் பழுதுபார்ப்பையும் முதலாளியின் கடமையாக 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 வைத்திருக்கிறது. லயத்து டாங்கி வழிந்தால் தொழிலாளி தன் கைக்காசைப் போட வேண்டியதில்லை. முதலில் நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியுடன் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வழிவதைப் படம் எடுத்து வையுங்கள். பதில் இல்லையென்றால் வட்டாரத் தொழிலாளர் இலாகாவிடம் போகலாம். சங்கத்தில் இருப்பவர்கள் சங்கத்தின் வழியாகவும் போகலாம். தனி ஒரு வீடாகச் செல்வதைவிட லயத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் விரைவில் காதில் விழும்.

இன்றே செய்யக்கூடியது

டாங்கியின் மூடி எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் காட்டுங்கள். கடைசியாகக் கசடு எடுத்த தேதியை மின்சார மீட்டர் பெட்டியின் உள்பக்கத்தில் எழுதி வையுங்கள். ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக எப்போது எடுத்தோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை என்றால், எடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.